'பொட்டி வரல' முதல் 'கேடிஎம் வரல' வரை: ரீல் புரொஜெக்டர், டிஜிட்டல் புரொஜெக்டர்... எதை நம்பலாம்?

முகப்பேரிலிருந்து புதுப்படம் பார்க்கக் கிளம்பினால் அம்பத்தூர், பாடி, திருமங்கலம், கோயம்பேடு என எந்தப் பக்கம் போனாலும் தியேட்டர் உண்டு. படம் பாதியில் நின்றால் அந்தக் காலத்தில் எல்லோரும் பின்னால் திரும்பி, "யோவ் ஆபரேட்டர்!" என்று கத்துவார்கள். விசில் பறக்கும். இரண்டு நிமிடத்தில் படம் ஓட ஆரம்பித்துவிடும். இன்று படம் நிற்பதே அபூர்வம். ஆனால் நின்றால், சில சமயம் அந்த ஷோவே காலி. டிக்கெட் பணத்தைத் திருப்பித் தரும் நிலைமைகூட வந்துவிடுகிறது.

அப்படியானால் பழைய மெஷின்தான் நம்பகமானதா? பதில் அவ்வளவு சுலபமல்ல.

ரீல் மெஷினில் என்னென்ன கெட்டுப்போகும்?

மூன்று மணி நேரப் படம் என்றால் 35 எம்எம் ஃபிலிம் சுமார் 16,000 அடி, அதாவது கிட்டத்தட்ட 5 கிலோமீட்டர் நீளம். விநாடிக்கு 24 ஃபிரேம் கணக்கில் ஒரு காட்சிக்குள் ஏறக்குறைய 2.6 லட்சம் முறை அந்த ஃபிலிம் இழுக்கப்பட்டு, நின்று, மறுபடி இழுக்கப்படும். இவ்வளவு இழுபறி நடக்கும் இடத்தில் ஏதாவது ஒன்று தேயத்தான் செய்யும். ஃபிலிம் அறுந்துபோகும். ஓட்டை கிழியும். கார்பன் குச்சி எரிந்த காலத்தில், ஆபரேட்டர் அதைத் தள்ளிக்கொண்டே இருக்காவிட்டால் வெளிச்சம் மங்கும். ஐம்பதாவது நாளில் படம் பார்ப்பவருக்குத் திரை முழுக்கக் கோடு கோடாய் 'மழை' பெய்யும்.

ஆனால் இவற்றில் பெரும்பாலானவை கையாலேயே சரிசெய்யக்கூடியவை. அறுந்த இடத்தில் சில ஃபிரேம்களை வெட்டிவிட்டு ஒட்டினால் போதும். இரண்டு மெஷின் வைத்து மாறி மாறி ஓட்டிய தியேட்டர்களில், ஒன்று மக்கர் பண்ணினாலும் இன்னொன்றை வைத்துச் சமாளிக்கலாம். தேய்ந்த உருளையையோ பல்சக்கரத்தையோ லேத் பட்டறையில் கடைந்து வாங்கிவிடலாம். அம்பத்தூர் எஸ்டேட்டை ஒட்டிய பகுதிக்கு அதெல்லாம் பெரிய விஷயமே இல்லை. முப்பது, நாற்பது வருடம் ஓடிய மெஷின்கள் நாடு முழுக்க இருந்ததற்கு இதுதான் காரணம்.

டிஜிட்டல் எதை மாற்றியது?

ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் சேர்ந்து உருவாக்கிய டிசிஐ அமைப்பு, டிஜிட்டல் திரையிடலுக்கான தரத்தை 2005-ல் வெளியிட்டது. தமிழ்நாட்டுத் தியேட்டர்கள் மாறியதில் சென்னையைச் சேர்ந்த கியூப் நிறுவனத்துக்குப் பெரிய பங்குண்டு. ரீல் பொட்டிக்குப் பதில் ஹார்ட் டிஸ்க் வந்தது, பிறகு சாட்டிலைட், இணையம் வழியாகவே படம் வந்தது. முதல் நாள் தெரிந்த அதே தெளிவு நூறாவது நாளிலும் தெரியும். அறுவதற்கு ஃபிலிம் இல்லை, ஓடித் தேய ரீலும் இல்லை. 'எத்தனை முறை கோளாறு வருகிறது' என்று மட்டும் எண்ணினால், டிஜிட்டல் வெகு தூரம் முன்னால் நிற்கிறது.

அப்புறம் ஏன் ஷோ ரத்தாகிறது?

முதல் காரணம் கரண்டும் சூடும். ஒரு நொடி மின்சாரம் போனாலும் சர்வர் மறுபடி எழுந்திருக்கச் சில நிமிடம் ஆகும். சூடான ஜெனான் விளக்கையும் உடனே ஏற்றக் கூடாது. யுபிஎஸ் சரியில்லை, ஏசி ஓடவில்லை, ஃபில்டரில் தூசி அடைத்திருக்கிறது என்றால் மெஷின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே நின்றுவிடும்.

இரண்டாவது காரணம் பூட்டு. திருட்டு வீடியோவைத் தடுக்க, படம் பூட்டப்பட்ட ஃபைலாகத்தான் தியேட்டருக்கு வருகிறது. அதைத் திறக்கும் சாவிதான் கேடிஎம். எந்தத் தியேட்டரில், எந்த சர்வரில், எந்தத் தேதி எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை என்று அதிலேயே எழுதியிருக்கும். சர்வரை மாற்றினால் பழைய சாவி செல்லாது, புதிதாக வாங்க வேண்டும். சர்வரின் கடிகாரத்தைக்கூடத் தியேட்டர்காரர் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. டிசிஐ விதிப்படி வருடத்துக்கு 6 நிமிடம்தான் திருத்தலாம். பாதுகாப்புப் பகுதியை யாராவது திறந்தாலோ, உள்ளே இருக்கும் பேட்டரி தீர்ந்தாலோ ரகசியக் குறியீடு அழிந்துவிடும். அப்புறம் லேத் பட்டறை உதவாது. போர்டு தயாரிப்பாளரிடம்தான் போக வேண்டும்.

மெஷின் நன்றாக இருந்தாலும் படம் ஓடாமல் போகலாம். 2025 மார்ச் 27 அன்று 'வீர தீர சூரன்' காலைக் காட்சிகள் டெல்லி உயர் நீதிமன்றத் தடையால் ரத்தாகி, மாலையில்தான் படம் திரைக்கு வந்தது. அந்தக் காலத்தில் ரசிகர்கள் "பொட்டி வந்துடுச்சா?" என்று கேட்டார்கள். இப்போது "கேடிஎம் வந்துடுச்சா?" என்று கேட்கிறார்கள்.

ரிப்பேர் யார் கையில்?

இதுதான் அடிப்படைக் கேள்வி. ரீல் மெஷின் தியேட்டரின் சொத்து, அதன் வைத்தியர் ஆபரேட்டர். டிஜிட்டல் கருவியைப் பல தியேட்டர்கள் சேவை நிறுவனங்களிடமிருந்து குத்தகைக்கு எடுத்தன. அதற்காகத் தயாரிப்பாளர்கள் கட்டும் விபிஎஃப் கட்டணத்தை எதிர்த்துத்தான் 2018 மார்ச் 1 முதல் தமிழில் புதுப்படங்கள் நிறுத்தப்பட்டன. ஏப்ரல் 20-ல்தான் வெளியீடு மறுபடி தொடங்கியது. கோளாறு வந்தால் சர்வீஸ் இன்ஜினீயர் எத்தனை மணி நேரத்தில் வருவார், மாற்று போர்டு சென்னையிலேயே இருக்கிறதா என்பதைப் பொறுத்துத்தான் அடுத்த ஷோ. பல திரை வளாகம் என்றால் கூட்டத்தை வேறு திரைக்கு மாற்றலாம். ஒற்றைத் திரைத் தியேட்டருக்கு அந்த வசதி கிடையாது.

உதிரிபாகம் இன்னொரு தலைவலி. சோனி 2020-ல் சினிமா புரொஜெக்டர் விற்பனையிலிருந்தே விலகியது. கம்பெனி கைவிட்ட மாடலுக்கு போர்டு தேடுவது சுலபமல்ல.

லேசர் வந்தால் தீருமா?

ஓரளவு தீரும். தினம் நான்கு ஷோ என்றால் வருடத்துக்குச் சுமார் 4,400 மணி நேரம் விளக்கு எரிகிறது. ஒரு ஜெனான் விளக்கு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு மணி நேரம் தாங்கினால் வருடத்துக்கு மூன்று, நான்கு முறை மாற்ற வேண்டும். லேசர் ஒளி 20,000 மணி நேரத்துக்கு மேல் தாங்கும் என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். அதாவது நான்கு வருடத்துக்கு மேல். ஆனால் சர்வர், சாவி, போர்டு பிரச்சினைகள் லேசரிலும் அப்படியே இருக்கின்றன.

ரசிகர் எதைக் கவனிக்கலாம்?

படம் நிற்பதைவிட அதிகம் நடப்பது, படம் மங்கலாக ஓடுவது. திரையில் 14 ஃபுட்-லாம்பர்ட் வெளிச்சம் இருக்க வேண்டும் என்பது தரம். ஆயுள் முடிந்த விளக்கையே தொடர்ந்து எரித்தால் இது குறையும். இருட்டுக் காட்சிகளில் முகமே தெரியவில்லை என்றால் அதைக் கேமராமேனின் 'ஸ்டைல்' என்று விட்டுவிட வேண்டியதில்லை. இடைவேளையில் மேனேஜரிடம் சொல்லலாம்.

ரீலுக்குத் திரும்பும் வழியும் இல்லை. ஃபியூஜிஃபிலிம் 2013-ல் சினிமா ஃபிலிம் தயாரிப்பை நிறுத்தியது. அடுத்த ஆண்டே பாரமவுண்ட் அமெரிக்காவில் 35 எம்எம் பிரின்ட் அனுப்புவதைக் கைவிட்டது. எனவே தியேட்டர்கள் செய்யக்கூடியது, கருவியை வாங்கும்போதே பேட்டரி, போர்டு, இன்ஜினீயர் வரும் நேரம் ஆகியவற்றையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குவதுதான். பழைய ஆபரேட்டர் கையில் இருந்த வேலையை இனி அந்த ஒப்பந்தம்தான் பார்க்க வேண்டும்.