பிரேக் ஆயிலுக்கும் வயதுண்டு



மலைப்பாதை விபத்துகள் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை மிகச் சரி. பிரேக் ஆயிலைப் பற்றி ஒரு வரிகூட இல்லாததுதான் குறை. சென்ற மே மாதம் குடும்பத்தோடு எஸ்.யூ.வி.யில் ஏலகிரியிலிருந்து இறங்கினோம். 14 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வழியில் பிரேக் பெடல் பஞ்சுபோல் அமுங்கியது. கியரைக் குறைத்து, ஓரங்கட்டி, அரை மணி நேரம் ஆறவிட்ட பிறகே அடிவாரம் சேர்ந்தோம். அரக்கோணத்தில் மெக்கானிக் பார்த்தார்: பேட் தேயவில்லை; ஆயிலை நான்கு வருடமாக மாற்றவே இல்லை. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். சூடேறினால் அந்த ஈரம் ஆவியாகி, மிதிக்கும் அழுத்தம் சக்கரத்துக்குப் போய்ச் சேராது. ஆள் நிறைந்த கனமான வண்டிக்கு ஆபத்து அதிகம்.

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றி, அந்தத் தேதியை சர்வீஸ் பில்லில் குறிப்பதை ஒர்க்‌ஷாப்புகள் வழக்கமாக்க வேண்டும். கோடை விடுமுறைக்கு முன் தாங்கள் இதைப் பெட்டிச் செய்தியாக வெளியிட வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர், அரக்கோணம்