சூட் வாங்கப் போறீங்களா? தைப்பதா, ரெடிமேடா?

ஆண்களின் சூட்டுக்கு இது நல்ல காலம் இல்லை. 2019இல் கோல்ட்மன் சாக்ஸ் வங்கி ஊழியர்களுக்கான உடைக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியது. 2022இல் பிரிட்டனின் புள்ளிவிவர அலுவலகம், விலைவாசியைக் கணக்கிடப் பயன்படுத்தும் பொருள்களின் பட்டியலிலிருந்தே ஆண்கள் சூட்டை நீக்கிவிட்டது. வீட்டிலிருந்து வேலை செய்யப் பழகிய பிறகு வாங்குவோர் குறைந்துவிட்டனர்.

சிங்கப்பூரில் கேட்கவே வேண்டாம். 32 டிகிரி வெயிலில் எம்ஆர்டி நிலையத்திலிருந்து அலுவலகம் வரை கோட் போட்டு நடந்தவர்களுக்குத் தெரியும்.

ஆனாலும் சூட் தேவைப்படும் நாள் வரும். வங்கியிலோ சட்ட நிறுவனத்திலோ நேர்முகத் தேர்வு. இல்லையென்றால் கல்யாணம்: காலையில் கோயிலில் பட்டு வேட்டி, இரவு ஹோட்டல் விருந்தில் சூட்.

முன்பு நான்கைந்து சூட் வைத்திருந்தவர்கள், ஒன்று சரியில்லை என்றால் இன்னொன்றைப் போட்டுக்கொள்வார்கள். நீங்கள் வாங்கப் போவது அநேகமாக ஒன்றே ஒன்று. அதுவும் முதல் சம்பளத்தில் என்றால், தவறான தேர்வு கொஞ்ச நாளைக்கு வலிக்கும்.

'கஸ்டம்' என்றால் என்ன?

குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. தைத்த சூட்டில் இரண்டு வகை உண்டு.

முதலாவது 'மேட்-டு-மெஷர்'. ஏற்கெனவே இருக்கும் ஒரு பேட்டர்னை உங்கள் அளவுக்கு ஏற்பக் கூட்டிக் குறைத்துத் தைப்பார்கள். பெரும்பாலும் தொழிற்சாலையில் தைக்கப்படும். உங்களை அளவெடுத்தவரும் தைப்பவரும் ஒருவரை ஒருவர் பார்த்தே இருக்கமாட்டார்கள்.

இரண்டாவது 'பிஸ்போக்'. உங்களுக்கென்றே தாளில் புதிதாகப் பேட்டர்ன் வரைந்து, துணியை வெட்டி, பாதி தைத்த நிலையில் உங்களுக்குப் போட்டுப் பார்த்து, பிரித்து, மறுபடியும் தைப்பார்கள். லண்டனின் சவில் ரோ தெருவில் ஒரு சூட்டுக்குக் குறைந்தது 50 மணி நேரக் கைவேலை என்பது அந்தத் தொழிலின் கணக்கு.

விலையில் பெரிய வித்தியாசம் இருந்தாலும் கடைப் பலகை இரண்டையும் 'கஸ்டம்' என்றுதான் சொல்லும். 2008இல் பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு, இயந்திரத்தில் வெட்டிய சூட்டையும் 'பிஸ்போக்' என்று விளம்பரப்படுத்தலாம் எனத் தீர்ப்பளித்தது. அதனால் சொல்லை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். நேராகக் கேளுங்கள்: எனக்கென்று தனிப் பேட்டர்ன் உண்டா? தைக்கும்போது எத்தனை முறை போட்டுப் பார்க்கலாம்? 24 மணி நேரத்தில் தைத்துத் தருவதாகச் சொன்னால் அந்த 50 மணி நேரத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தோள்பட்டையைப் பாருங்கள்

என்னைக் கேட்டால், முதல் சூட் வாங்கும் பலருக்கு ரெடிமேட் போதும். ஒரே நிபந்தனை: தோள்பட்டை கச்சிதமாக இருக்க வேண்டும்.

காரணம் எளிது. பேன்ட் நீளம், கோட்டின் இடுப்புப் பகுதி, கை நீளம் இவற்றையெல்லாம் ஆல்டரேஷன் கடையில் சரிசெய்யலாம். கைப்பகுதியில் பொத்தான் துளைகள் உண்மையிலேயே வெட்டப்பட்டிருந்தால் மட்டும் கை நீளத்தை மாற்றுவது சிரமம். ஆனால் தோள்பட்டையை மாற்ற, கோட்டையே பிரிக்க வேண்டும். செலவு கட்டாது. கோட்டின் நீளமும் அப்படித்தான். கொஞ்சம் குறைத்தாலே பாக்கெட்டுகள் இடம் தப்பித் தெரியும்.

கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். கோட்டைப் போட்டுக்கொண்டு சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் நில்லுங்கள். கைக்கு முன்னால் கோட்டின் தோள் பஞ்சு சுவரில் முட்டினால் அது பெரிய அளவு. அடுத்த அளவைக் கேளுங்கள்.

300 வெள்ளி சூட்டுக்கு 80 வெள்ளி ஆல்டரேஷன் என்று வைத்துக்கொள்வோம். அப்படியே போட்டுக்கொண்ட 600 வெள்ளி சூட்டைவிட அது நன்றாகத் தெரிய வாய்ப்பு அதிகம். தேக்கா நிலையத்தின் மேல்மாடி, ஃபார் ஈஸ்ட் பிளாசா போன்ற இடங்களில் இதற்கான கடைகள் இருக்கின்றன.

யாருக்கு ரெடிமேட் ஒத்துவராது?

ஜோடியாக விற்கும் சூட்டில் பொதுவாக மார்பளவைவிட இடுப்பளவு 6 அங்குலம் குறைவாக இருக்கும். மார்பு 40 என்றால் இடுப்பு 34. ஜிம்முக்குப் போய் 42 அங்குல மார்பும் 32 அங்குல இடுப்பும் வைத்திருக்கிறீர்களா? கோட் பொருந்தும், பேன்ட் நழுவும். அதை 4 அங்குலம் பிடித்தால் பின் பாக்கெட்டுகள் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். கோட்டையும் பேன்ட்டையும் தனித்தனி அளவில் விற்கும் கடையைத் தேடலாம், இல்லையென்றால் டெய்லரிடம் போகலாம். ஒரு தோள் இறங்கியிருப்பவர்கள், மிக உயரமானவர்கள், வேலைக்காக வாரம் இரண்டு மூன்று முறை சூட் போடுபவர்கள் ஆகியோருக்கும் தைப்பதுதான் நல்லது.

தைத்தால் துணியும் உங்கள் தேர்வு. நம் வெயிலுக்கு மெல்லிய கம்பளித் துணி பாலியெஸ்டரைவிடச் சுகம். உள் துணியைப் பாதி மட்டும் வைக்கச் சொல்லலாம். 'சூப்பர் 150' போன்ற எண்களுக்கு மயங்க வேண்டாம். எண் கூடக்கூட நூல் மெல்லிசாகும், சீக்கிரம் நையவும் செய்யும். மார்புப் பகுதியின் உள்ளே கேன்வஸ் வைத்துத் தைப்பார்களா, பசை போட்டு ஒட்டுவார்களா என்பதையும் கேளுங்கள். ஒட்டியது சில காலம் கழித்துக் கொப்பளிக்கலாம். தைத்த சூட் என்பதாலேயே அது கேன்வஸாக இருக்கும் என்று இல்லை.

முன்பணம் கொடுக்குமுன்

ரெடிமேட் பிடிக்கவில்லை என்றால் சில கடைகள் மாற்றித் தரும். உங்கள் உடம்புக்கு வெட்டிய துணியை வேறு யாருக்கும் விற்க முடியாது. மனம் மாறினால் பணம் திரும்பக் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். அதனால் துணியின் பெயர், ஃபிட்டிங் எத்தனை, கிடைக்கும் தேதி, இலவசத் திருத்தம் உண்டா என எல்லாவற்றையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். சொன்னபடி தைத்துத் தராவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்கு 2 ஆண்டுக்குள் போகலாம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். அங்கே பேசப்போவது அந்த ரசீதுதான்.

மாப்பிள்ளைகளுக்கு ஒரு விஷயம். கல்யாணத்துக்கு முன்னாடி எடை குறைக்கத் திட்டம் இருந்தால் அளவெடுக்கும் நாளிலேயே டெய்லரிடம் சொல்லிவிடுங்கள். கடைசி ஃபிட்டிங்கை விருந்துக்கு இரண்டு வாரம் முன்பு வைத்துக்கொள்ளலாம். பேன்ட்டின் பின் தையலில் ஓர் அங்குலத் துணியை விட்டுவைக்கவும் சொல்லுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு அது தேவைப்படும்.