காட்டை விட்டுவிடுவோம், குவாரியைக் கேட்போம்!

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ரிச்சர்ட்ஸ் டவுன் தெருக்களில் நடப்பவர்களுக்கு அந்தக் காட்சி புதிதன்று. தடித்த டயரும் அகன்ற கைப்பிடியும் கொண்ட மிதிவண்டிகள் இரண்டும் மூன்றுமாகச் சேர்ந்து பெல்லாரிச் சாலையை நோக்கி விரைகின்றன. ஓட்டுவோரில் நம் தமிழ் மாணவர்களும் உளர். நந்தி மலைக்குச் செல்வோர் சிலர். எலகங்காவுக்கு அப்பாலுள்ள ஆவலஹள்ளிக் காட்டுக்குச் செல்வோர் சிலர். தெற்கே கனகபுராச் சாலைத் துரஹள்ளிக்கும், இராமநகரப் பாறைகளுக்கும், கோலாருக்கு அருகேயுள்ள அந்தரகங்கைக் குகைகளுக்கும் செல்வோர் வேறு சிலர். மாலையில் செம்மண் படிந்த காலுடன் திரும்புகிறார்கள். இது நல்ல பழக்கம். திரைப்படக் கொட்டகையிலும் தேநீர்க் கடையிலும் போகும் விடுமுறை நாள், மலைக்காற்றில் போவதை எவன் வெறுப்பான்? நான் வெறுக்கவில்லை. ஆனால் அவர்களிடம் கேட்க ஒரு கேள்வி உண்டு. எந்த மலையில் ஓட்டுகிறீர்கள்? அந்த மலை யாருடையது?

மலை மிதிவண்டி என்பது அண்மைக்கால விளையாட்டு. அமெரிக்காவில் கலிபோர்னிய மாநிலத்து டாமல்பைஸ் மலைக்கு அருகிலுள்ள ஒரு மலைச்சரிவில், 1976இல் சில இளைஞர்கள் பழைய வண்டிகளைச் சீர்செய்து பந்தயம் ஓட்டினார்கள். சரிவில் இறங்கியதும் பிரேக்கின் சூட்டில் சக்கர அச்சின் மசகு உருகிப் போய்விடும். ஒவ்வொரு முறையும் புதிதாக மசகு அடைக்க வேண்டும். அதனாலேயே அந்தப் பந்தயத்துக்கு ‘ரீபேக்’ என்று பெயர் வந்தது. இருபதே ஆண்டுகளில், 1996இல், அந்த விளையாட்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஏறியது. ஆனால் அதே கலிபோர்னியாவில்தான் பல ஒற்றையடிப் பாதைகள் மிதிவண்டிக்கு மூடப்பட்டன. நடப்போருக்கும் ஓட்டுவோருக்கும் பூசல் மூண்டது. அந்தப் பூசல் இன்று நம் வாசலுக்கும் வந்துவிட்டது.

நம்மிடையே இரண்டு கட்சிகள் உள்ளன. “காடு பொதுச்சொத்து, எங்கும் ஓட்டுவோம்” என்பது ஒன்று. “காட்டுக்குள் காலே வைக்காதே” என்பது மற்றொன்று. இரண்டையும் நான் ஏற்கவில்லை. காரணத்தைக் கூறுகிறேன்.

முதலில் இந்த மலைகள் எத்தகையவை என்று எண்ணிப் பாருங்கள். பெங்களூரின் அடியில் கிடக்கும் பாறை ஏறத்தாழ 300 கோடி ஆண்டு வயதுடையது. லால்பாக்கில் அது வெளியே தலைகாட்டி நிற்கிறது. இராமநகரத்துக் கருங்கல்லுக்கு வயது சுமார் 250 கோடி. அந்த ஊரின் பழைய ஆங்கிலப் பெயரான ‘குளோஸ்பேட்டை’யின் பெயராலேயே அக்கல்லை நிலவியலார் இன்றும் அழைக்கின்றனர். நந்தி மலையின் உயரம் 1,478 மீட்டர். அம்மலையையும் அதைச் சூழ்ந்த குன்றுகளையும் ஒட்டித்தான் பாலாறு பிறக்கிறது; தென்பெண்ணை பிறக்கிறது; அர்க்காவதி பிறக்கிறது. பாலாறு வேலூரைக் கடக்கிறது. தென்பெண்ணை கிருஷ்ணகிரி வழியே சென்று கடலூரருகே கடலில் கலக்கிறது. அர்க்காவதி கனகபுராவுக்குத் தெற்கே காவிரியில் சேர்கிறது. தோழர்களே, “நமக்கென்ன, இது அயல் மாநிலத்து மலை” என்று எந்தத் தமிழனும் சொல்ல முடியாது. நம் ஊர் வயலுக்குத் தண்ணீர் அனுப்பும் மேட்டின்மீதுதான் நாம் சக்கரம் உருட்டுகிறோம்.

சக்கரம் என்ன கேடு செய்துவிடும் என்று கேட்பீர்கள். காய்ந்த பாதையில் ஒழுங்காக ஓட்டினால் அதிகம் செய்யாது. நடப்பவன் காலடிக்கும் அதற்கும் பெரிய வேறுபாடில்லை. மழை பெய்த மண்ணில் ஓட்டினால்தான் கேடு. டயர் ஒரு வாய்க்கால் கிழிக்கிறது. சரிவில் பிரேக்கை அழுத்திச் சறுக்கினால் மேல்மண் பெயர்கிறது. அடுத்த மழை அந்த வாய்க்காலை ஓடையாக்குகிறது. வளைவைச் சுற்றிச் செல்லப் பொறுமையற்றவன் குறுக்கே ஒரு புதுத்தடம் போடுகிறான். அவனைப் பார்த்து பத்துப் பேர் அதில் செல்கிறார்கள். ஆண்டிறுதியில் பாதை ஒன்று நான்காகிறது, புதர் அழிகிறது.

இராமநகரத்தில் நிலைமை இன்னும் நுட்பமானது. இராமதேவர பெட்டாவின் செங்குத்துப் பாறையில் நீள்அலகுப் பாறுகள் கூடு கட்டுகின்றன. ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டையிடும் பறவை அது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோபினாக் என்னும் வலிநீக்கி மருந்து, இறந்த மாட்டின் இறைச்சி வழியே பாறுகளின் சிறுநீரகத்தை அழித்தது. இந்தியா எங்கும் அவ்வினம் சரிந்தது. 2006இல் அம்மருந்தைக் கால்நடைக்குத் தடை செய்தார்கள். 2012இல் இந்தக் குன்றைப் பாறுகளின் சரணாலயமாக அறிவித்தார்கள். நஞ்சுக்குத் தப்பிய பறவை நம் கூச்சலுக்கு அஞ்சிக் கூட்டை விட்டால் அந்த ஆண்டின் ஒரே குஞ்சும் போயிற்று. அந்தரகங்கைக் குகையிலும் இதே நீதிதான். மிதிவண்டி குகைக்குள் நுழையப் போவதில்லை; விளக்கும் பாட்டுப் பெட்டியும் நுழைகின்றன. பகலில் உறங்கும் வௌவாலுக்கு அது போதாதா?

“ஐயா, ஒரு பக்கம் மலையையே வெடிவைத்துத் தகர்க்கிறார்கள், நீர் டயர்த் தடத்தைப் பற்றிப் புலம்புகிறீரே!” என்று ஒரு நண்பர் வாதிட்டார். நியாயமான வாதம். சிக்கபள்ளாப்பூர் மாவட்டத்தில் குன்றுகள் கல்குவாரிகளாகவும் ஜல்லியாகவும் மாறுவதைப் பெல்லாரிச் சாலையில் செல்லும் எவனும் காணலாம். 2021 பிப்ரவரியில் அதே மாவட்டத்து ஹிரேநாகவல்லியில் குவாரிக்கான ஜெலட்டின் வெடித்து ஆறு பேர் மாண்டார்கள். அதற்கு முந்தைய மாதந்தான் சிவமொக்கா அருகே ஹுணசோடுவில் வெடிப்பொருள் ஏற்றிய லாரி வெடித்து உயிர்களைப் பறித்தது. டயர்த் தடம் இதன் முன் தூசுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெரிய கேட்டைக் காட்டிச் சிறிய கேட்டுக்கு மன்னிப்புக் கேட்பது அறமாகுமா? அன்றியும், அந்தப் பெரிய கேட்டுக்குச் சாட்சி சொல்ல வேண்டியவர் யார்? வாரந்தோறும் அம்மலையில் ஏறும் நாமல்லவா? சட்டத்தை மீறிக் காட்டுக்குள் நுழைந்தவன் பேச்சைச் சட்டத்தின் முன் யார் கேட்பார்கள்?

ஆகவே என் முடிவு இதுதான். காப்புக்காட்டையும் பாறுகளின் பாறையையும் விட்டுவிடுவோம். வனத்துறை திறந்துவைத்த பாதையில் மட்டும் ஓட்டுவோம். அனுமதியின்றிக் காப்புக்காட்டுக்குள் புகுவது 1963ஆம் ஆண்டின் கர்நாடக வனச் சட்டப்படி குற்றம் என்பதை அறிவோம். அதற்கு ஈடாக ஒன்றைக் கேட்போம்: கைவிடப்பட்ட கல்குவாரிகளைத் தாருங்கள் என்று கேட்போம்.

நகைக்காதீர்கள். வெல்சு நாட்டில் இது நடந்திருக்கிறது. பிளைனாய் ஃபெஸ்டினியோக் என்னும் ஊர் பலகைக்கல் வெட்டிப் பிழைத்த ஊர். உலகத்துக் கூரைகளுக்கெல்லாம் கல் அனுப்பி, பின் தொழில் நலிந்து வாடிய ஊர். அங்கே ஊராரின் சமூக நிறுவனமொன்று 2012இல் பழைய குவாரிச் சரிவில் மலை மிதிவண்டிப் பாதைகளைத் திறந்தது. வெளியூரார் வருகிறார்கள், ஊருக்கு வேலை கிடைக்கிறது. 2021இல் வடமேற்கு வெல்சின் பலகைக்கல் நிலப்பரப்பை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது. கல் வெட்டிய புண் விளையாட்டுத் திடலாயிற்று. கல் வெட்டியவனின் வரலாறும் மறையவில்லை.

நம் குவாரிக்கோ என்ன கதி? குத்தகை முடிந்ததும் குழியை அப்படியே விட்டுச் செல்கிறார்கள். மழைநீர் தேங்குகிறது. கரை செங்குத்து, ஆழம் தெரியாது, குளிக்க இறங்கிய மாணவர்கள் மூழ்கி மாண்ட செய்தியை நாளேட்டில் எத்தனை முறை படித்துவிட்டோம்! வெட்டிய நிலத்தைச் சீர்திருத்தித் தர வேண்டும் என்று 1999ஆம் ஆண்டின் கருங்கல் பாதுகாப்பு விதிகள் கூறுகின்றன. ஏட்டில் உள்ளது நாட்டில் இல்லை. குழிக்கு வேலியிட்டு, சரிவைச் சீராக்கி, மண் கொட்டி மரம் நட்டு, நடுவே பாதை அமையுங்கள் என்று மாணவர்கள் கேட்டால் அது விளையாட்டுக்கான கோரிக்கை மட்டுமன்று, உயிருக்கான கோரிக்கை.

எல்லாக் குழியும் இதற்குத் தகாது. கோலார் தங்கவயலை எடுத்துக்கொள்ளுங்கள். வடார்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சென்ற நம் தமிழ்த் தொழிலாளர்கள் பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிப் பொன்னெடுத்த இடம். அந்தச் சுரங்கத்துக்காகச் சிவசமுத்திரத்திலிருந்து 1902இல் மின்சாரம் வந்தது. பெங்களூருக்கு விளக்கு வந்தது 1905இல்தான். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. எஞ்சி நிற்பவை சயனைடு கலந்து அரைத்த கல்மாவுக் குன்றுகள். பார்ப்பதற்கு மணல்மேடு; சக்கரம் உருட்டத் தூண்டும். காற்றடித்தால் அந்தத் தூள் குடியிருப்பிலே போய் விழுகிறது. அதைக் கிளறுவது விளையாட்டன்று. அங்கே நாம் இறங்கி நடக்க வேண்டும். அந்தக் குடியிருப்பின் முதியவர்களிடம் பேச வேண்டும்.

மிதிவண்டியும் குவாரியும் ஏழையின் வாழ்வில் சந்தித்த கதையும் தமிழ்நாட்டில் உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்து அறிவொளி இயக்கத்தில் பல்லாயிரம் பெண்கள் எழுத்தோடு மிதிவண்டியும் கற்றார்கள். அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணைநின்றார். கல்லுடைக்கும் பெண்களின் குழுக்களுக்குக் குவாரிகளே குத்தகைக்கு விடப்பட்டன. கல்லுடைத்த கை கைப்பிடியைப் பிடித்தது; அடுத்தவர் தயவின்றி வேலைக்கும் சந்தைக்கும் சென்றது. நமக்கு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்காக இருக்கும் வண்டி அவர்களுக்கு விடுதலையாக இருந்தது. குவாரியைக் கேட்கும்போது அங்கு வேலை செய்தவருக்கும் அதன் பயனில் பங்கு வேண்டும் என்று சேர்த்துக் கேட்பது நம் கடமை.

மன்றத் தோழர்களுக்குச் சில சொற்கள். மழை பெய்து மண் உலரும்வரை மலைக்குப் போகாதீர்கள். ஆடு மாடு எதிரே வந்தால் இறங்கி வழிவிடுங்கள். அந்தப் பாதையைப் போட்டதே அவைதாம். குகை வாசலில் வண்டியோடு குரலையும் நிறுத்திவிடுங்கள். குவாரித் தண்ணீரில் இறங்கவே இறங்காதீர்கள். கன்னடத்தில் நான்கு சொற்களாவது கற்றுக்கொண்டு செல்லுங்கள். மலையடிவாரத்து மக்களிடம் வழி கேட்பவன் விருந்தாளி, கேளாமல் புகுபவன் அத்துமீறுபவன்.

2021இல் துரஹள்ளிக் காட்டைச் செயற்கைப் பூங்காவாக்கும் திட்டம் வந்தபோது பெங்களூர் மக்கள் எதிர்த்தார்கள், திட்டம் கைவிடப்பட்டது. நாள்தோறும் அக்காட்டைப் பார்த்தவர்கள் பேசியதால் அது நடந்தது. நாமும் பேசுவோம். அடுத்த கூட்டத்திலேயே ஒரு குழு அமைத்து, நாம் ஓட்டிச் செல்லும் வழிகளிலுள்ள கைவிடப்பட்ட குவாரிகளைக் கணக்கெடுப்போம். எந்த ஊர், எவ்வளவு ஆழம், வேலி உண்டா இல்லையா என்று எழுதி மாவட்ட ஆட்சியரிடம் கொடுப்போம். மலை ஏறக் கால்வலி தாங்கும் இளைஞனுக்கு அலுவலகப் படியேறுவது கடினமா என்ன?