நிச்சயமும் வளர்ச்சியும்

‘நீ இரட்சிக்கப்பட்டது எந்நாள்?’ என வினவி, நாள் கூற இயலாதோரை அவிசுவாசிகளென ஒதுக்கும் போக்கு கிறிஸ்தவ மாணவர் சிலரிடையே உண்டு. இரட்சிப்பின் நிச்சயத்தைத் தொடக்கமெனக் கொள்ளாது முடிவெனக் கொள்வதே இதற்கு அடிப்படையான தவறாகும்.

இன்னோர் சான்றுகாட்டும் ஜோன் வெஸ்லியையே நோக்குவோம். 1738 மே 24 இல், இலண்டன் ஆல்டர்ஸ்கேற் வீதிக் கூட்டமொன்றில், உரோமர் நிருபத்துக்கு லூதர் எழுதிய முன்னுரை வாசிக்கப்படக் கேட்டபோது, தம் பாவம் மன்னிக்கப்பட்டதென்னும் நிச்சயத்தை அவர் பெற்றார். தொடக்கத்தில் அந்நிச்சயத்தை யாவர்க்கும் வற்புறுத்திய அவரே, 1768 இல் எழுதிய கடிதமொன்றில், அவ்வுணர்வு நீதிமானாக்கும் விசுவாசத்துக்கு இன்றியமையாததெனப் பல்லாண்டுகளாகத் தாம் கருதவில்லை என ஒப்புக்கொண்டார். அவரது வளர்ச்சி அத்துடன் நிற்கவில்லை. 1774 இல் அடிமைமுறையைக் கண்டித்து நூலொன்றும் எழுதினார்.

நற்செயல் இரட்சிப்பின் விலையன்று, அதன் கனி. விலையென்போர் அருளை மறுக்கின்றனர். கனியே வேண்டாமென்போர் அருளை வீணாக்குகின்றனர். தன் கதிபற்றிய அச்சம் நீங்கியவனே பிறர் துயரை முழுமனத்தோடு நோக்க வல்லவன். அங்ஙனம் நோக்காதவனது நிச்சயம் வெறும் தன்னிறைவே. ஆதலின், நண்பர்களே, நாளைக் கேளாதீர், கனியைக் கேளுங்கள். அக்கேள்வியையும் முதலில் நம்மிடமே கேட்போமாக.