பேர் போகாமல் இரத்தம் பார்க்க வேண்டும்

மலையில் அட்டை கடித்தால் இரத்தம் உறையாமல் ஒழுகுவதை நாம் அறிவோம். செயற்கை இருதய வால்வு பொருத்தியவர்கள் உண்ணும் வோபரின் மாத்திரையும் இரத்தம் உறைவதைத் தடுக்கிறது. அளவு குறைந்தால் இரத்தம் கட்டி வால்வை அடைக்கும். கூடினால் உடலுக்குள் கசியும்.

மேல்வலிக்கு அஸ்பிரின், டைக்ளோபினாக், வயிற்றோட்டத்துக்கு மெட்ரோனிடசோல் என்று எதையும் கேளாமல் விழுங்கக் கூடாது. மருந்து வாங்குமுன் கிளினிக் கொப்பியைக் காட்டுவோம். வல்லாரை, கீரை உண்ணலாம். அளவு ஒரே சீராக இருக்கட்டும். மலம் கறுத்தாலோ தலையில் அடிபட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நோயாளியை மட்டும் குறை கூறுவது நியாயமன்று. ஐ.என்.ஆர். பரிசோதனைக்காக வட்டகொடையிலிருந்து நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ போகும் நாட்கூலித் தொழிலாளிக்கு அன்றைய பேர் போய்விடுகிறது. கிளினிக் கொப்பியைக் காட்டுவோருக்கு அந்த நாளுக்குத் தோட்ட நிர்வாகம் பேர் போட வேண்டும் என்பதே எமது கோரிக்கை.