திருவாதிரை வெடிக்கப் போகிறதா?

குட்டீஸ்... பொங்கலை ஒட்டிய இரவுகளில், பத்தரை மணி வாக்கில் மொட்டை மாடிக்குப் போய் அண்ணாந்து பாருங்கள். திண்டுக்கல், வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கழுத்து வலிக்கும்! செம்மஞ்சள் நிற நட்சத்திரம் ஒன்று கிட்டத்தட்ட நேர் உச்சியில் நிற்கும். அதுதான் திருவாதிரை. ஆங்கிலத்தில் 'பீட்டல்ஜூஸ்' என்பார்கள்.

2019 கடைசியில் இது திடீரென்று மங்கத் தொடங்கியது. 2020 பிப்ரவரியில், வழக்கமான வெளிச்சத்தில் பாதிகூட இல்லை. 'வெடிக்கப் போகிறது' என்று உலகம் முழுக்கப் பேச்சு. கடைசியில் பார்த்தால், அது கக்கிய வாயு குளிர்ந்து தூசி மேகமாகி, அதன் முகத்தையே மறைத்திருந்தது. அவ்வளவுதான்!

ஆனாலும் அந்தப் பேச்சில் கொஞ்சம் உண்மை உண்டு. திருவாதிரை ஒரு 'தாத்தா' நட்சத்திரம். எடை, சூரியனைப் போல் சுமார் 15 மடங்கு. சூரியன் இருக்கும் இடத்தில் இதை வைத்தால், பூமியையும் செவ்வாயையும் விழுங்கிவிடும். ஒரு லட்சம் ஆண்டுக்குள் வெடிக்கலாம் என்பது விஞ்ஞானிகளின் கணக்கு. அது சுமார் 600 ஒளியாண்டு தூரத்தில் இருப்பதால் நமக்கு ஆபத்து இல்லை.

இந்தத் தாத்தாவைச் சோதிக்க, டாக்டர் மாதிரி எக்ஸ் கதிரைத்தான் நாடுகிறார்கள். ஒரு வித்தியாசம்: டாக்டர் கதிரை நம் உடம்புக்குள் அனுப்புவார், இங்கே நட்சத்திரம் தானாக அனுப்புகிறதா என்று பார்க்க வேண்டும். பல லட்சம் டிகிரி சூடான வாயுதான் எக்ஸ் கதிரை வீசும். திருவாதிரைக்குப் பக்கத்தில் வரிசையாக மூன்று நட்சத்திரங்கள் தெரியும் இல்லையா? அவற்றிலிருந்து வாயு, நொடிக்கு ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. முன்னால் போகும் வாயுவில் பின்னால் வருவது மோதிச் சூடாகி, எக்ஸ் கதிர் பிறக்கிறது. திருவாதிரையின் மேற்பரப்போ சுமார் 3,500 டிகிரிதான். அதன் காற்றும் மெதுவானது. அதனால் எக்ஸ் கதிரில் அது கப்சிப்!

நம் மாவட்டத்தில் உள்ள கொடைக்கானல் வானாய்வகம் 1899ல் தொடங்கியது. கடல் மட்டத்துக்கு மேல் 2,300 மீட்டருக்கும் அதிக உயரம். அங்கிருந்துகூட இந்தக் கதிரைப் பிடிக்க முடியாது; காற்று மண்டலம் விழுங்கிவிடும். விண்வெளிக்குத்தான் போக வேண்டும். 1999ல் நாசா அனுப்பிய எக்ஸ் கதிர் தொலைநோக்கியின் பெயர் 'சந்திரா'. யார் தெரியுமா? சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர்! 1930ல் கப்பலில் இங்கிலாந்து போகும்போது, 19 வயதில், சாகும் நட்சத்திரங்களின் எடைக் கணக்கைப் போட்டவர். 1983ல் நோபல் பரிசு பெற்றார்.

2024ல் ஒரு புதுச் சந்தேகம். திருவாதிரையின் வெளிச்சம் சுமார் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறதே, பக்கத்தில் ஒளிந்து சுற்றும் ஜோடி உண்டோ? இருந்தால், அது என்ன? வெடித்துச் செத்த நட்சத்திரத்தின் மிச்சமான நியூட்ரான் நட்சத்திரம் என்றால், திருவாதிரையின் வாயு அதில் விழுந்து, சூடாகி, எக்ஸ் கதிர் வீசியாக வேண்டும். அந்த ஆண்டின் கடைசியில் சந்திரா உற்றுப் பார்த்தது. ஒன்றுமே வரவில்லை!

ஏமாற்றமா? இல்லை. 'வரவில்லை' என்பதே விடை. அங்கே இருப்பது செத்த நட்சத்திரம் அல்ல. சூரியன் அளவு எடையுள்ள குட்டி நட்சத்திரம் என்று முடிவு செய்தார்கள். 2025 ஜூலையில், ஹவாய் தீவின் ஜெமினி தொலைநோக்கி எடுத்த படத்தில் அந்தக் குட்டி மங்கலாகத் தெரிவதாக அறிவித்தார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே 2024 மார்ச்சில்தான் சந்திராவின் ஆண்டுச் செலவை 6.83 கோடி டாலரிலிருந்து 4.11 கோடியாகக் குறைக்க நாசா முன்மொழிந்தது. வயதாகிவிட்டதாம்! விஞ்ஞானிகள் கொதித்துப் போனார்கள். அவர்கள் பக்கமே நியாயம் என்று தோன்றுகிறது. ஏனென்றால், நட்சத்திரம் வெடிக்கும்போது, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைவிட எக்ஸ் கதிர் முந்திக்கொண்டு வரும். 2008 ஜனவரி 9ல், 'ஸ்விஃப்ட்' செயற்கைக்கோள் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தபோது, தொலைதூர நட்சத்திரம் ஒன்று வெடித்த எக்ஸ் கதிர் மின்னல் தற்செயலாக அதில் சிக்கியது. அந்த மின்னல் இருந்தது சில நிமிடங்கள்தான்.