வாசலில் ஒரு கூடு



மாசி, பங்குனி பிறந்துவிட்டால் நம் டுரியான் துங்கால் வட்டாரத்தில் காலைப் பொழுதின் ஓசையே மாறிவிடுகிறது. விடியுமுன் கூரை முகட்டில் கருப்பும் வெள்ளையுமாக நின்று, வாலைத் தூக்கிப் பாடுகிறதே, அதுதான் குண்டுக்கரிச்சான். மலாய்க்காரர்கள் முராய் கம்போங் என்பார்கள். பூந்தொட்டிச் செடியில் கிண்ணம்போல் கூடு வைப்பது மெர்பா. வாசலில் பைபோல் தொங்குவது தேன்சிட்டின் கூடு. இலையின் ஓரங்களைச் சேர்த்துத் தைத்து உள்ளே பஞ்சு பரப்புவது தையற்சிட்டு.

கூட்டைக் கண்டதும் பிள்ளைகள் ரொட்டியும் சோறுமாக ஓடுகிறார்கள். அன்புதான், ஆனால் குஞ்சுக்கு அது ஏற்ற உணவன்று. தேனுண்டு வாழும் தேன்சிட்டுகூடத் தன் குஞ்சுக்குச் சிலந்தியையும் சிறு பூச்சியையும்தான் தேடி வருகிறது. எலும்பும் இறகும் வளர அந்தச் சத்து வேண்டும். பறவைக்குப் பாலைச் செரிக்கும் சக்தி கிடையாது. குஞ்சின் வாயில் தண்ணீர் ஊற்றினால் அது மூச்சுக்குழாயில் இறங்கி உயிரே போகலாம்.

பின் நாம் செய்யக்கூடியது என்ன? மூன்று காரியங்கள் உண்டு.

முதலாவது, இந்தக் காலத்தில் செடிகளுக்குப் பூச்சிமருந்து அடிக்காதீர்கள். நீங்கள் கொல்லும் புழுதான் குஞ்சின் சாப்பாடு.

இரண்டாவது, பெரிய பறவைகளுக்குப் பழுத்த பப்பாளியோ வாழைப்பழமோ வையுங்கள். ஆனால் கூட்டுக்குப் பக்கத்தில் வேண்டாம். பழத்தைத் தேடி வரும் காக்கையும் அணிலும் கூட்டையும் கண்டுகொள்ளும்.

மூன்றாவது தண்ணீர். 1991ஆம் ஆண்டு வறட்சியில் நம் டுரியான் துங்கால் அணை வற்றி மலாக்கா மாநிலமே தண்ணீருக்குத் தவித்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வெயில் காலத்தில் பறவைக்கும் அதே தாகம்தான். ஆழமில்லாத மண்சட்டியில் நீர் வையுங்கள். நாள்தோறும் தேய்த்துக் கழுவி மாற்றுங்கள். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு ஏறக்குறைய ஒரு வாரத்தில் முட்டையிலிருந்து வளர்ந்து பறந்துவிடும். பறவைக்குச் செய்த தருமம் வீட்டுக்கு டிங்கிக் காய்ச்சலைக் கொண்டு வரக்கூடாது அல்லவா?

கீழே விழுந்த குஞ்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. இறகு முளைக்காததாயின் மெல்ல எடுத்துக் கூட்டிலேயே வையுங்கள். மனிதர் தொட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது வெறும் பேச்சு. இறகு முளைத்து, குட்டை வாலோடு தத்தித் திரிவதாயின் அது பறக்கப் பழகும் பிள்ளை. தாயும் தந்தையும் அருகில்தான் இருக்கும். பூனையைக் கட்டிவைத்து, நீங்கள் விலகி நில்லுங்கள். வீட்டுக்குள் தூக்கி வருவது காப்பாற்றுவதாகாது, பெற்றோரிடமிருந்து பிரிப்பதாகும்.

தமிழ்நாட்டில் சிவகங்கை மாவட்டத்துப் பொத்தகுடி என்னும் சிற்றூரில் 2020ஆம் ஆண்டு நடந்ததைக் கேளுங்கள். தெருவிளக்குகளை ஏற்றும் சுவிட்சுப் பெட்டிக்குள் ஒரு சிறு குருவி கூடு கட்டி முட்டையிட்டுவிட்டது. ஊரார் கூடிப் பேசி, குஞ்சு பொரித்துப் பறக்கும்வரை ஒரு மாதத்துக்கும் மேலாகத் தெருவிளக்கே ஏற்றாமல் இருட்டில் நடமாடினார்கள். அவர்கள் பெரும் செல்வந்தர்கள் அல்லர், நம்மைப் போன்றவர்கள்தாம்.

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. சிங்கப்பூரில் எங்கும் பாடித் திரிந்த குண்டுக்கரிச்சான், குரலுக்கு ஆசைப்பட்டுக் கூண்டில் அடைத்தவர்களாலும், வேறு காரணங்களாலும் 1970களில் அருகிப்போயிற்று. 1980களில் அதை மறுபடியும் கொண்டுவந்து விடவேண்டியதாயிற்று. நம் ஊரிலும் கூட்டிலிருந்து குஞ்சை எடுத்துக் கூண்டுக்கு விற்பவர் உண்டு. பாதுகாக்கப்பட்ட பறவைகளை உரிமமின்றிப் பிடிப்பதும் வைத்திருப்பதும் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வாங்குபவர் இல்லையேல் விற்பவரும் இல்லை என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

முட்டையிட்ட நாள்முதல் குஞ்சு பறக்கும்வரை மெர்பாவுக்கும் தேன்சிட்டுக்கும் ஏறக்குறைய ஒரு மாதம் போதும். அந்த ஒரு மாதம் செடியைக் கத்தரிக்காதீர்கள். துணிக்கொடியைச் சற்றுத் தள்ளிக் கட்டுங்கள். ஒரு பழைய நோட்டுப்புத்தகத்தைப் பிள்ளையிடம் கொடுத்து, தாய்ப்பறவை ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை இரையோடு வருகிறது என்று தூரத்தில் இருந்து எண்ணி எழுதச் சொல்லுங்கள். பெற்றவர் படும் பாடு என்ன என்பதை அந்தக் கணக்கே அதற்குச் சொல்லிக்கொடுக்கும்.